குட்டைத் தூண்டில் தடிக்கு எத்தனையாம் இலக்கக் கயிறு?

என் வலது தோளுக்குள் ஓர் இரும்புத் துண்டு இன்னமும் இருக்கின்றது. 2009 மாசி மாதத்தில் உள்ளே போனது. எலும்புக்கு மிக அருகில் இருப்பதால், எடுக்கப் போனால் வேறு சேதம் வரலாம் என்று வைத்தியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். சாதாரண வேலைகளுக்குத் தொல்லையில்லை. ஆனால் கையை முகத்துக்கு மேலே தூக்கி வீச வேண்டிய எந்த வேலையையும் நெடுநேரம் செய்ய முடியாது. விரல்கள் விறைத்துவிடும். அன்றிரவு நித்திரையும் வராது.

நந்திக்கடல் பக்கத்துப் பிள்ளை நான். வீச்சுவலை வீசித்தான் அப்பா எங்களை வளர்த்தார். அவுஸ்திரேலியாவுக்கு வந்து, டார்வினில் வேலை கிடைத்து, கடல் கண்ணுக்கு முன்னாலே கிடந்தும் நான்கு வருடங்களாக நான் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. வலை வீச ஏலாது. ஈயக்குண்டைக் கட்டி எறிந்துவிட்டுக் குந்தியிருக்கப் பொறுமையும் இல்லை. அதன் பிறகுதான் 'பிளை' தூண்டில் என்று ஒன்று இருப்பதும், அதிலும் உப்புத் தண்ணீருக்கென்றே செய்யப்பட்ட குட்டையான, பலமான தடிகள் இருப்பதும் தெரிய வந்தது. (தொலைபேசியில் இதனைச் சொன்னபோது, "பிழைத் தூண்டிலோ? அப்ப சரியான தூண்டில் எங்க?" என்று அப்பா கேட்டார்.)

தடி இலேசாகக் கிடைத்துவிட்டது. அதற்குப் பொருத்தமான கயிற்றைக் கண்டுபிடிக்கத்தான் ஒன்றரை வருடமும், கூட்டிப் பார்க்க விரும்பாத அளவு காசும் போயின. இங்கேயும் கனடாவிலும் இருக்கின்ற, தோளிலோ கையிலோ காயம் பட்ட சிலர் "எங்களுக்கும் இது ஏலுமோ?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஏலும். ஆனால் கயிறு பிழைத்தால் ஏலாது. ஆகவே நான் கற்றுக்கொண்டதை இலக்கங்களோடு எழுதி வைக்கிறேன்.

பாரம் கயிற்றில்தான்

நாங்கள் ஊரில் பழகிய தூண்டிலில் தங்கூசிக்குப் பாரமே கிடையாது. நுனியில் கட்டிய ஈயம் பறந்து போகும், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். பிளை தூண்டிலில் இது தலைகீழ். நுனியில் இருப்பது இறகும் மயிரும் சுற்றிய ஒரு பொய் இரை. அதற்கு நிறை இல்லை என்றே சொல்லலாம். எனவே கயிறே பாரமாக இருக்க வேண்டும். அது பிளாஸ்ரிக் பூசிய தடித்த கயிறு. அதனைப் பின்னால் வீசினால் தடி வளையும். வளைந்த தடி நிமிரும்போது கயிறு முன்னால் பறக்கும், இரை அதன் நுனியில் தொங்கிக்கொண்டு போகும்.

வீச்சுவலை தெரிந்தவருக்கு இது புதிதல்ல. வலையின் அடிக்கயிற்றில் கோத்த ஈயமணிகள்தான் வலையை விரித்துக்கொண்டு போகின்றன. மணி குறைந்த வலையை எவ்வளவு பலத்தோடு வீசினாலும் அது பந்துபோலச் சுருண்டு விழும். மணி கூடினாலோ ஒரு மணித்தியாலத்தில் கை ஓய்ந்துவிடும். அப்பா புதிதாக ஒரு வலை முடித்தால், மணிகளைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு மூன்று நாட்கள் வீசிப் பார்ப்பார். அவருடைய தோளுக்குச் சரியான வலை என் மாமாவின் தோளுக்குச் சரிவராது. இது சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கடைக்குப் போனபோது பெட்டியில் அச்சடித்திருந்த இலக்கத்தைத்தான் நம்பினேன்.

என் தடி பழைய பொருட்கள் விற்கும் இடத்தில் வாங்கியது. எட்டு அடி நீளம், கைப்பிடிக்கு மேலே 9 என்று எழுதியிருந்தது. வழமையாக உப்புத் தண்ணீர்ப் பிளை தடிகள் ஒன்பது அடி நீளமானவை. ஒரு அடி குறைந்ததில் எனக்கு இரண்டு இலாபங்கள். தடியின் நுனிப்பாரம் தோளை இழுப்பது குறைவு. மீன் பட்ட பிறகு, நீளமான தடி மீனுக்குத்தான் நெம்புகோலாகிறது. குட்டைத் தடியில் அந்த நெம்பு என் பக்கம் வருகிறது. கண்டல் வேருக்குள் ஓடப் பார்க்கும் மீனை நிறுத்தி வெளியே இழுப்பதற்கு இதைவிட நல்ல தடி கிடையாது.

கடையில் தடியைக் காட்டினேன். "ஒன்பது என்றால் ஒன்பதுதான்" என்று ஒன்பதாம் இலக்க மிதவைக் கயிறு ஒன்றைத் தந்தார்கள். நூறு டொலருக்கு மேல். பிளாஸ்ரிக் பூசிய கயிற்றுக்கு நூறு டொலர் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை.

முதல் நாள் ஓடைக் கரையில் நின்று இருபது நிமிடங்கள் வீசினேன். தடி வளையவே இல்லை, விறகுக்கட்டையைப் பிடித்து ஆட்டியது போல இருந்தது. தடி செய்யாத வேலையைத் தோள் செய்தது. அதன் பிறகு மூன்று நாட்கள் சட்டை போடவே மற்றக் கையின் உதவி தேவைப்பட்டது. தடியை அறை மூலையில் சாத்தி வைத்துவிட்டு, இதுவும் எனக்கு இல்லைப்போல என்று நினைத்துக்கொண்டேன். பல மாதங்கள் அது அங்கேயே நின்றது.

அந்த இலக்கம் எங்கிருந்து வந்தது

இலக்கத்தின் கதை இதுதான். முந்தி இந்தக் கயிறுகள் பட்டினால் செய்யப்பட்டன. அக்காலத்தில் கயிற்றின் தடிப்பத்தை ஆங்கில எழுத்துக்களால் குறித்தார்கள். பட்டு எல்லாம் ஒரே அடர்த்தி என்பதால், தடிப்பம் தெரிந்தால் நிறையும் தெரியும். நைலோனும் பிளாஸ்ரிக்கும் வந்த பிறகு ஒரே தடிப்பமுள்ள இரண்டு கயிறுகள் வெவ்வேறு பாரத்தில் வரத் தொடங்கின. எழுத்து பொய் சொல்ல ஆரம்பித்தது. 1961 இல் அமெரிக்கத் தூண்டில் உபகரண உற்பத்தியாளர் சங்கம் ஒரு புதிய ஒழுங்கைக் கொண்டுவந்தது. கயிற்றின் முதல் 30 அடியின் நிறையை அளந்து, அதற்கு ஓர் இலக்கம் கொடுப்பது. நுனியில் உள்ள சமதடிப்பான சிறு துண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிறையைக் 'கிரெயின்' என்ற பழைய அளவில் சொல்வார்கள். ஓர் இறாத்தலில் 7000 கிரெயின்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். எங்களுக்கு விளங்கும் கணக்கில் சொல்வதென்றால், எட்டுக் கிராம் ஒரு பவுண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் இலக்கக் கயிற்றின் 30 அடி 210 கிரெயின், அதாவது 13.6 கிராம். ஒன்பதாம் இலக்கம் 240 கிரெயின், 15.6 கிராம், இரண்டு பவுணுக்குச் சற்றுக் குறைவு. பத்தாம் இலக்கம் 280 கிரெயின். பதினொன்று 330. பன்னிரண்டு 380 கிரெயின், மூன்று பவுணுக்குக் கொஞ்சம் மேலே. மிகச் சிறிய வித்தியாசங்கள்தான், ஆனால் அவை தடியின் நுனியில் வேகத்தோடு வரும்போது தோளுக்குத் தெரியும்.

இந்த ஒழுங்கில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 30 அடிக் கயிறு தடிக்கு வெளியே காற்றில் இருக்கும்போதுதான் அந்த நிறை அங்கே இருக்கும். டார்வின் பக்கத்துக் கண்டல் ஓடைகளில் பின்னால் மரம், முன்னால் மரம். பெரும்பாலான நேரங்களில் 20 அடிதான் வெளியே விடலாம். 240 கிரெயின் கயிற்றில் 20 அடி என்றால் ஏறத்தாழ 160 கிரெயின். முன்பகுதி மெலிந்து போவதால் உண்மையில் அதிலும் குறைவு. 160 கிரெயின் என்பது ஆறாம் இலக்கம். ஒன்பதாம் இலக்கத் தடியில் ஆறாம் இலக்கப் பாரத்தைத் தொங்கவிட்டு, ஏன் வளையவில்லை என்று தடியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

குட்டைத் தடி என்பதால் நிலைமை இன்னும் மோசம். ஒரே தடிப்பமான ஒரு குச்சியை எடுத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் பாரம் தொங்கவிட்டால், அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒன்பது அடியை எட்டு அடியாக வெட்டினால் அதே பாரத்துக்கு ஏறத்தாழ 30 வீதம் குறைவாகத்தான் வளையும். தூண்டில் தடி நுனிக்கு மெலிவது, ஆகவே கணக்கு அப்படியே பொருந்தாது. போக்கு அதுதான். இதற்கு மேல், இப்போதைய தடிகள் பல தாங்கள் சுமக்கும் இலக்கத்தை விட விறைப்பாகவே செய்யப்படுகின்றன. கடையில் வெறும் தடியை ஆட்டிப் பார்ப்பவருக்கு விறைப்பான தடிதான் பிடிக்கும்.

சமையலறைத் தராசு

என்னை மறுபடி தடியைத் தொட வைத்தவர் பேசாலையைச் சேர்ந்த ஓர் அண்ணை. என்னோடு ஒரே இடத்தில் வேலை. அவரிடம் ஒன்பது அடித் தடி ஒன்று இருந்தது. என் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, இலக்கத்தை விடும். கயிறை நிறுத்துப் பாத்தீரோ?" என்றார்.

நிறுப்பது மிக இலகு. கயிற்றின் நுனியிலிருந்து 30 அடியை, அதாவது 9.14 மீற்றரை, நிலத்தில் நேராக நீட்டி அளந்து, அந்த இடத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டுங்கள். நுனியில் முன்னரே போட்ட வளையம் இருந்தால் பரவாயில்லை, அது ஒரு கிரெயினுக்குக் கிட்டத்தான் வரும். அந்த 30 அடியைச் சுருட்டி, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் வையுங்கள். மிகுதிக் கயிறு தராசில் தொங்கி இழுக்காமல், பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு புத்தகத்தின் மேல் கிடக்கட்டும். வரும் கிராமை 15.43 ஆல் பெருக்கினால் கிரெயின். நகை நிறுக்கிற சின்னத் தராசு இருபது டொலருக்குள் கிடைக்கும். பிழையான கயிறு ஒன்றின் விலையில் ஐந்து தராசு வாங்கலாம்.

என் முதற்கயிறு சரியாக 15.6 கிராம் காட்டியது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது உண்மையான ஒன்பதாம் இலக்கக் கயிறு. ஆனால் அதன் தடித்த 'தலை' 45 அடி நீளம். முழுத் தலையையும் காற்றில் தூக்கி வைத்து, முன்னும் பின்னும் நாலு தரம் ஆட்டித் தூரத்துக்கு அனுப்பத் தெரிந்த, நல்ல தோள் உள்ள ஒருவருக்காகச் செய்த கயிறு அது.

அண்ணை வேறு இரண்டு கயிறுகளை இரவல் எடுத்துத் தந்தார். இரண்டுமே 30 அடிக் குட்டைத் தலைக் கயிறுகள். ஒன்றில் 9 என்று எழுதியிருந்தது. தராசில் 24.3 கிராம், 375 கிரெயின். மற்றதில் 8 என்று எழுதியிருந்தது. அது 21.4 கிராம், 330 கிரெயின். கவனியுங்கள்: எட்டாம் இலக்கம் என்று விற்கப்படும் கயிறு, நான் வாங்கிய ஒன்பதாம் இலக்கத்தை விட 90 கிரெயின் கூடிய பாரம். 1961 இன் ஒழுங்குப்படி பார்த்தால் அது பதினோராம் இலக்கம். இது மோசடி அல்ல. விறைப்பான தடிகளுக்கும் பெரிய இரைகளுக்குமாகத் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே பாரத்தைக் கூட்டுகிறார்கள், பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் கிரெயினையும் போடுகிறார்கள். முன்பக்கத்து இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்குபவருக்குத்தான் இது தெரியாமல் போகிறது. எட்டு அடிக்குட்பட்ட தடிகள் சிலவற்றில் இலக்கத்துக்குப் பதிலாக நேரடியாகக் கிரெயினையே எழுதுகிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையிருக்காது.

மூன்றையும் ஒரே பின்னேரத்தில் புல்வெளியில் வீசிப் பார்த்தோம். கொக்கியை வெட்டிவிட்டு ஒரு துண்டு கம்பளி நூல்தான் நுனியில்.

240 இல் தடியின் நுனி மட்டும் துடித்தது. கையில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் பலத்தைப் போட்டேன், பலத்தைப் போட்டதால் கயிறு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு முடிச்சு விழுந்தது. 375 இல் தடி நடுவுக்குக் கீழே வரை வளைந்தது. கயிறு தூரம் போனது, அண்ணைக்குச் சரியான சந்தோசம். ஆனால் பின்னால் போன கயிறு நீளும் அந்தக் கணத்தில் தோளில் ஓர் உலுக்கல் விழுந்தது. பத்து வீச்சுக்குள் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 330 இல் தடி பாதி வரை வளைந்தது. 20 அடி வெளியே இருந்தபோது ஏறத்தாழ 220 கிரெயின், எட்டாம் இலக்கத்துக்குச் சற்று மேலே. கிட்டத்தில் வீசவும் போதும். முழுத் தலையும் வெளியே வந்தபோதும் தோளில் உலுக்கல் இல்லை. பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று, விட்டுவிடலாம். 240 இல் நாலைந்து ஆட்டில் போகாத தூரம் இதில் இரண்டு ஆட்டில் போனது.

எனக்கு முக்கியம் இந்தக் கடைசிக் கணக்குத்தான். ஒரு மணித்தியாலத்தில் அறுபது வீச்சு என்று வைத்தால், ஐந்து ஆட்டு என்பது 300 தரம் கை மேலே போவது. இரண்டு ஆட்டு என்பது 120. பாரம் கூடிய கயிறு தோளுக்குக் கூடாது என்று முதலில் பயந்தேன். பாரம் போதாத கயிறுதான் என்னைப் படுக்க வைத்தது.

தடி நல்லது, தோள் நல்லது என்றால் 375 ஐயே எடுங்கள், குறிப்பாகக் காற்றுக்கு. என் அளவுக்கு அடிபட்டவருக்கு அதற்கு ஒரு படி கீழே. ஏற்கெனவே ஒரு கயிறு வைத்திருப்பவர் புதிதாக வாங்குவதற்கு முதல் அதனை நிறுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரவல் கயிறு கிடைக்காதவருக்கு ஒரு வழி உண்டு. வில்லியம் ஹனெமன் என்ற அமெரிக்கர் தடியின் விறைப்பைக் காசை வைத்தே அளக்கும் முறையொன்றை வெளியிட்டிருக்கிறார். தடியின் கைப்பிடியை மேசையில் அசையாமல் கட்டி, தடி தரைக்குச் சமாந்தரமாக இருக்கும்படி செய்து, நுனியில் ஒரு சின்னப் பையைத் தொங்கவிட வேண்டும். நுனி, தடி நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கும் வரை நாணயங்களைப் போட வேண்டும். எட்டு அடித் தடி என்றால் இரண்டடி எட்டங்குலம். அவர் 2.5 கிராம் நிறையுள்ள அமெரிக்க ஒரு சத நாணயங்களைப் பாவித்தார். நான் 9 கிராம் நிறையுள்ள அவுஸ்திரேலிய ஒரு டொலர் நாணயங்களைப் பாவித்தேன். அட்டவணை ஒன்றும் வேண்டாம். கயிறு பொருந்தி வீசுபடும் ஒரு நண்பரின் தடியையும் உங்கள் தடியையும் இப்படி அளந்து ஒப்பிட்டால் போதும். அண்ணையின் ஒன்பது அடித் தடிக்குத் தேவைப்பட்டதை விட என் தடிக்கு ஐந்து நாணயங்கள் கூடத் தேவைப்பட்டன. இரண்டிலும் 9 என்றுதான் எழுதியிருக்கிறது.

மிதப்பதா, தாழ்வதா

இந்த வடகரையில் நான் தேடுவது கொடுவா. இங்கே 'பரமண்டி' என்பார்கள், எங்கள் களப்புகளில் பிடிபடும் அதே மீன். 55 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை வடபிரதேசத்தில் திருப்பி விட்டுவிட வேண்டும். டார்வினில் பெரிய வற்றுப் பெருக்கின்போது தண்ணீர் எட்டு மீற்றர் வரை ஏறி இறங்கும். ஓரடி, இரண்டடிக்குப் பழகிய எங்களுக்கு அது நம்ப முடியாத காட்சி. தண்ணீர் வற்றி ஓடைவாய்களால் கலங்கி வெளியேறும் நேரம் மீன் அங்கே கீழே நிற்கும். மிதவைக் கயிறு இரையை மேலேயே வைத்திருக்கும். ஆகவே மெதுவாகத் தாழும் கயிறுதான் நான் அதிகம் பாவிப்பது. அது ஒரு செக்கனுக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இறங்கும். மழைக்காலம் முடிந்து ஆற்றுநீர் வடியும் மாதங்களில், இழுவை கூடிய இடங்களில் இன்னும் வேகமாகத் தாழ்வது வேண்டும்.

தாழும் கயிற்றிலும் கிரெயின் கணக்கு மாறாது. மிதவையில் 330 சரி என்றால் தாழ்வதிலும் 330 தான். ஒரு வேறுபாடு: அதே நிறைக்கு அது மெலிந்திருக்கும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் நீருக்கு அடியிலிருந்து அதனை நேராகத் தூக்கி வீச முயலாதீர்கள். தலை தடி நுனிக்குக் கிட்ட வரும்வரை இழுத்து, ஒரு சுருட்டு வீச்சில் மேலே கொண்டுவந்து, பிறகு பின்னால் எடுங்கள். இதைப் பழகாமல் ஒருநாள் தூக்கினேன், தோள் இரண்டு கிழமைக்கு நினைவுபடுத்தியது.

குட்டைத் தலைக் கயிற்றில் இன்னொரு பழக்கம் வேண்டும். தலை முடிந்து மெல்லிய ஓட்டுக்கயிறு தொடங்கும் இடம் தடி நுனிக்கு வெளியே இரண்டு மூன்று அடிக்கு மேல் போகக்கூடாது. போனால் மெல்லிய கயிறு பாரமான தலையைத் தாங்காமல் மடிந்து, எல்லாம் குலைந்துவிடும். பல கயிறுகளில் அந்த இடத்தில் நிறம் மாறும். மாறாவிட்டால் அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு விலையும் உண்டு. பாரமான குட்டைத் தலை தண்ணீரில் 'சளார்' என்று விழும். கலங்கிய ஓடையில் அது பிரச்சினையில்லை. தெளிந்த ஆழமற்ற மணற்பரப்பில் மீன் ஓடிவிடும். அங்கே நீண்ட தலையும் ஒன்பது அடித் தடியும்தான் சரி. குட்டைத் தடி எல்லா இடத்துக்கும் போகும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். குட்டைத் தடியில் பின்வீச்சும் தாழ்வாகவே போகும். கரையில் பற்றைக்குள் நின்று வீசுவதை விடச் சிறு அலுமினிய வள்ளத்தின் மேல் நின்று வீசுவது நல்லது. உப்புநீர் முதலைகள் உள்ள ஊர் இது, தண்ணீரில் இறங்கி நின்று வீசும் பேச்சே இங்கு இல்லை.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்நாட்டு மீனுக்குச் செய்த கயிறு இங்கத்தைய வெயிலில் இளகி, வளையங்களில் ஒட்டிக்கொண்டு போகாது. மலிவு விற்பனையில் கிடைக்கும் கயிறுகள் பல இப்படித்தான். வெப்ப வலயத்துக்கென்று எழுதியதை வாங்குங்கள். அதனை எங்கள் மலைநாட்டுக் குளிருக்குக் கொண்டுபோனால் கம்பிபோலச் சுருண்டு நிற்கும், அது வேறு கதை.

நுனியில் கட்டுவது

தாழும் கயிற்றுக்கு நுனித் தங்கூசி நாலைந்து அடி போதும். நீளமாகப் போட்டால் கயிறு கீழே போகும், இரை மேலே நிற்கும். மிதவைக்கு ஏழு அடிக்கு மேல். கொடுவாவின் வாய் அரம்போலச் சொரசொரப்பானது, செவுள் மூடியின் விளிம்பு கத்தி. ஆகவே கடைசி ஒன்றரை அடிக்கு 40 முதல் 60 இறாத்தல் தங்கூசி கட்ட வேண்டும். ஆனால் முழுவதையும் 60 இறாத்தலில் கட்டாதீர்கள். இடையில் 20 இறாத்தல் துண்டு ஒன்று இருக்கட்டும். கொக்கி வேரில் இறுகிவிட்டால் அந்த இடத்தில் அறும், ஓர் இரைதான் போகும். அது இல்லாவிட்டால் கயிற்றின் உள்நரம்பே அறுந்து நூறு டொலர் கண்டல் வேரில் கிடக்கும்.

இரை பெரிதாகப் பெரிதாகக் கயிற்றின் பாரமும் வேண்டும். பொப் கிளவுசர் உருவாக்கிய ஈயக்கண் வைத்த இரையும், லெஃப்டி கிரேயின் நீளச் சேவல் இறகு இரையும் இங்கே அதிகம் பாவிக்கப்படுபவை. நனைந்த பிறகு ஓர் உள்ளங்கை நீள இரையை 240 கிரெயின் கயிறு புரட்டிப் போடாது. கட்டைவிரல் நீள இரை போதும் என்பவர் பாரத்தை ஒரு படி குறைக்கலாம்.

இடது கை நன்றாக உள்ளவர்கள் வீசும்போது இடது கையால் கயிற்றைக் கீழே இழுத்து விடுவதைப் பழகுங்கள். பின்வீச்சில் ஒரு இழுப்பு, முன்வீச்சில் ஒரு இழுப்பு. தடி இன்னும் வளையும், வலது தோளுக்கு அந்த அளவு வேலை குறையும். நான் இதை வீட்டு முற்றத்தில், கயிறு இல்லாமல், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பழகினேன்.

கயிற்றைக் கெடுப்பவை உப்பும் நுளம்பு மருந்தும். நுளம்புக்குப் பூசும் 'டீற்' கலந்த மருந்து பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். வெயிலுக்குப் பூசும் கிறீமும் நல்லதல்ல. கண்டலுக்குள் பூசாமல் இருக்கவும் முடியாது. ஆகவே புறங்கையால் பூசி, உள்ளங்கையைக் கழுவிவிட்டுக் கயிற்றைத் தொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலரவிட்டுச் சுருட்டுங்கள். இப்படிப் பார்த்தால் மூன்று நான்கு வருடம் வரும்.

போன சித்திரையில் ஓர் ஓடைவாயில், தண்ணீர் வற்றத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் 71 சென்ரிமீற்றர் கொடுவா ஒன்று பட்டது. இரண்டு தரம் வேருக்குள் திரும்பியது, இரண்டு தரமும் தடி அதனை நிறுத்தியது. படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். மீனை விட்டுவிட்டு, "கயித்தில மணி எவ்வளவு போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார். இரண்டே முக்கால் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். "காணுமோ?" என்றார். காணும் என்றேன்.

இப்போது என் கயிற்றுச் சுருள்கள் எல்லாவற்றிலும் இலக்கத்தை மையால் வெட்டிவிட்டுக் கிரெயினை எழுதி வைத்திருக்கிறேன். 240 என்று எழுதிய சுருள் என்னிடம் இல்லை. அண்ணை கொண்டுபோய்விட்டார். அவருடைய ஒன்பது அடித் தடியில், திறந்த கடற்கரையில், அது நன்றாகப் போகிறதாம்.